எண்ணெய்க் கசிவு

பார்சல் சனிக்கிழமை வந்தது.
தக்கலை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
நான் பத்திரம் எழுதும் மேசையில்,
மை டப்பாவுக்கும் பாதி குடித்த சாயாவுக்கும் நடுவே
கெட்டி அட்டைக்குள் போல்ட்டன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அனுப்புகூலி சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்.
வீட்டில் எண்ணூறு என்று சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்த போல்ட்டன் இவ்வளவு கனமில்லை.
கொச்சியில் கழிவுத்தாளாக இறங்கி
மார்த்தாண்டம் சந்தையில் கிலோ கணக்கில் விலைபோய்
கருவாடு பொதிந்தது போக மிஞ்சின இயந்திர மனிதன்.
ஒரு வாரம் கால் இருக்கும்,
அடுத்த வாரம் அந்த இடத்தில் ஓட்டை.
இங்கிலாந்து மழைக்குச் சாளை வாசம் என்றே
ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

மொத்தமாய் வாசிக்கும்போதுதான் தெரிகிறது
பாவம், அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை.
இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை விழவேண்டும்.
மூன்றாம் பக்கத்தின் முதல் கட்டத்தில்
சென்ற வாரம் ஏன் விழுந்தேன் என்று
மறந்துபோன பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.
எழவேண்டும். மறுபடி விழவேண்டும்.
வட்டிக்கு வாங்கினவன் பிழைப்பு.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாரம்.

உடைந்த பாலத்தின் கம்பியில்
ஒற்றைக் கையில் தொங்கினான்.
விரல்களில் திருகாணி ஒவ்வொன்றாய்க் கழன்றது.
கீழே ஆறு.
அடுத்த இதழைத் தொலைத்துவிட்டதாக டென்னிசன் சொன்னான்.
வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொன்னான் என் தம்பி.
அதற்குப் பிறகு நாற்பத்திமூன்று வருடம்
மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்கும்போதெல்லாம்
கைப்பிடிச் சுவருக்கு வெளியே
ஒரு இரும்புக் கையைத் தேடியிருக்கிறேன்.

பக்கம் நூற்றி எண்பத்தேழு.
கம்பெனிக் காப்பகத்திலேயே இல்லாத தாளாம்,
அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
யாரோ அனுப்பிய பிரதியிலிருந்து எடுத்தார்களாம்.
கறை துடைத்து, கிழிசல் ஒட்டி,
கோடுகளுக்கு மறுபடி கறுப்பேற்றி,
ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்:
போல்ட்டனின் மார்புத் தகட்டில்
பழுப்பாய் ஒரு கசிவு.
எண்ணெய் என்று நினைத்திருப்பார்கள்.

இருபத்தெட்டு வருடமாய்க் கைநாட்டு வாங்குகிறவள் நான்.
சுழியா, வளையமா, வில்லா,
தாள் தலைகீழாய் இருந்தாலும் சொல்வேன்.
இது சுழி.
குறுக்கே, ஏழு வயதில்
பால்வெட்டுக் கத்தி இழுத்த கோடு.
ஒட்டுப்பால் காயாத கையோடு புத்தகத்தைத் தொடாதே என்று
எத்தனை குட்டு குட்டியும் கேட்காத
இடது பெருவிரல்.
குலசேகரம் ஒன்றேகால் ஏக்கர் பாகப்பிரிவினையில்
இதே விரலைத்தான்
என் முகத்தைப் பாராமல் அழுத்திவிட்டுப் போனான்.

வைத்திருந்திருக்கிறான், கள்ளன்.
அப்பாவின் பெட்டியைப் பங்கு வைத்த அன்றும்
எங்கோ வைத்திருந்திருக்கிறான்.
அக்காவுக்குக் காட்டாததை லண்டனுக்குக் காட்டியிருக்கிறான்.
கடைசிப் பக்க நன்றியில் ஒரே வரி:
டென்னிசன், இந்தியா.

சரி, போல்ட்டன் எப்படித் தப்பினான் என்கிறீர்களா?
தப்பவே இல்லை.
ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.
கையை விட்டான், நின்றான்,
கரைக்கு நடந்துபோனான்.
ஒரே கட்டம்.
அதிலும் பாதியை விரல் மறைத்திருக்கிறது.

சாயா ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.
போனில் டென்னிசனின் நம்பர் இன்னும்
'எதிர்மனுதாரர்' என்றுதான் இருக்கிறது.
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்,

"இங்கியா வைக்கணும்?"

வெள்ளிக்கோட்டுக்காரர் ஒருவர்,
மை ஈரமாய் மினுங்கும் விரலோடு
திறந்து கிடக்கும் பக்கத்தின் மேல் குனிகிறார்.

"அதுல வேண்டாம்," என்கிறேன்,
"அதுல ஆளு வச்சாச்சு."